ஹவுஸ் மில்: கடல் ஓதத்தால் சுழன்ற லண்டன் மாவாலை

ஹவுஸ் மில் என்பது இங்கிலாந்தின் தலைநகரான லண்டனின் கிழக்குப் பகுதியில், லீ என்னும் ஆற்றின் மீது நிற்கும் பழமையான மாவாலை. இப்போதுள்ள கட்டடம் 1776 ஆம் ஆண்டில் எழுந்தது. நீர்ச்சக்கரத்தால் இயங்கிய மாவாலைகள் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கில் இருந்தன. பெரும்பாலும் அவை ஆற்றின் ஓட்டத்தை நம்பி இருந்தவை. ஹவுஸ் மில்லின் சக்கரங்களைச் சுழற்றியதோ கடலின் ஏற்ற இறக்கம். இப்படிப்பட்ட ஆலையைத் தமிழில் ஓத ஆலை என்று சொல்லலாம். உலகில் இன்று எஞ்சியிருக்கும் ஓத ஆலைகளில் இதுவே மிகப் பெரியது என்பர்.

கடலை நம்பி ஓடும் ஆலைக்கு நினைத்த நேரத்தில் வேலை செய்ய முடியாது. நிலவு குறிக்கும் நேரத்தில்தான் ஓட முடியும். இந்த ஒரு கட்டுப்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், ஹவுஸ் மில் ஏன் இவ்வளவு பெரியது, ஏன் இத்தனை மாடிகள், ஏன் பக்கத்திலேயே வீடு, எதிரில் ஏன் மணிக்கூண்டு என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்துவிடும்.

அமைவிடமும் பெயரும்

லீ ஆறு லண்டனுக்கு வடக்கே லூட்டன் நகரின் பக்கத்தில் தோன்றித் தெற்கு நோக்கி ஓடி வருகிறது. ஸ்ட்ராட்ஃபோர்ட் பகுதியை அடையும்போது பல கிளைகளாகப் பிரிந்து, மீண்டும் கூடி, 'போ கிரீக்' என்ற வளைந்து நெளிந்த கழி வழியாகத் தேம்ஸ் ஆற்றில் கலக்கிறது. பிரிந்த கிளைகளுக்கு நடுவே உள்ள ஒரு தீவின் பெயர் 'த்ரீ மில்ஸ்', அதாவது மூன்று ஆலைகள். ஹவுஸ் மில் இங்கேதான் இருக்கிறது. பெயர் மூன்று என்றாலும் இன்று நிற்பவை ஹவுஸ் மில், கிளாக் மில் ஆகிய இரண்டு மட்டுமே. மூன்றாவதாக இருந்த காற்றாலை 19 ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது.

'ஹவுஸ் மில்' என்ற பெயரில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஆலைக்காரர் குடும்பம் வாழ்ந்த வீடுகளுக்கு இடையில் கட்டப்பட்டதால் வீட்டு ஆலை. மணிக்கூண்டு இருந்ததால் எதிரில் உள்ளது கிளாக் மில்.

நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. போ கிரீக் தேம்ஸில் கலக்கும் இடத்தை ஒட்டித்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்கான துறை 1806 இல் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சரக்கேற்றிச் சென்ற கப்பல்கள் அங்கே இறக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், சிறிது தொலைவு மேலே இந்த ஆலை அரைத்துக்கொண்டிருந்தது.

ஓதம் ஆலையை ஓட்டுவது எப்படி?

கடல்மட்டம் நாள்தோறும் இருமுறை உயர்ந்து இருமுறை தாழ்வதை ஓதம் என்று பள்ளிப் புவியியலில் படித்திருப்போம். கடற்கரை ஊர்களில் மீனவர்கள் இதை ஏற்றம், வற்றம் என்பார்கள். சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதனால் நாம் இதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. லண்டன் பாலத்தின் அருகே தேம்ஸ் ஆற்றில் இந்த வேறுபாடு, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், 6 மீட்டருக்கும் மேல் போகும். ஏறத்தாழ இரண்டு மாடி உயரம். சோழமண்டலக் கரையில் இத்தகைய ஆலைகள் தோன்றாமல் போனதற்கும், தேம்ஸின் கிளை நதிகளில் தோன்றியதற்கும் இந்த வேறுபாடே போதுமான விளக்கம் என்பது என் கருத்து.

செயல்முறை எளிமையானது. கடல் ஏறும்போது தண்ணீர் தேம்ஸ் வழியாகவும் போ கிரீக் வழியாகவும் எதிர்த்து ஏறி ஆலையைத் தாண்டி மேலே செல்கிறது. மேலே உள்ள கால்வாய்களும் ஆற்றின் கிளைகளும் நிரம்புகின்றன. ஏற்றம் முடிந்து கடல் இறங்கத் தொடங்கும் தறுவாயில் மதகுக் கதவுகள் மூடிக்கொள்கின்றன. பொதுவாக ஓத ஆலைகளில் இந்தக் கதவுகள் ஒரே திசையில் திறக்கும்படி கீல் வைத்து அமைக்கப்பட்டிருக்கும். உள்ளே வரும் தண்ணீர் கதவைத் தள்ளித் திறக்கும். வெளியே போக முயலும் தண்ணீர் அதே கதவை அழுத்தி மூடிவிடும். இப்போது ஆலைக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கீழ்ப்பக்கம் வற்றிக்கொண்டே போகிறது. இரு மட்டங்களுக்கும் இடையே போதிய வேறுபாடு வந்ததும் மதகைத் தூக்கினால், தண்ணீர் சக்கரத்தின் அடிப்பகுதியில் உள்ள பலகைகளை மோதித் தள்ளிக்கொண்டு வெளியேறும். சக்கரம் சுழலும்.

உடனே மதகைத் தூக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். கீழ்ப்பக்கம் தண்ணீர் உயரமாக இருக்கும்வரை சக்கரத்தின் பாதி முழுகியே கிடக்கும், அது சுழலாது. எனவே ஏற்றம் உச்சத்தை எட்டிய பிறகு சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு அரைவை தொடங்கும். அடுத்த ஏற்றம் வந்து சக்கரத்தை மீண்டும் முழுக்கும்வரை, அல்லது தேக்கிய தண்ணீர் தீரும்வரை, சில மணி நேரம் ஓடும். பிறகு ஓய்வு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே ஒவ்வொரு நாளும் அரைவை நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். இன்று காலை 6 மணிக்கு அரைவை தொடங்கினால், அடுத்தது மாலை 6.25க்கு. நாளை காலை 6.50க்கு. ஒரு வாரம் கழித்துக் காலை அரைவை நண்பகலை ஒட்டி வந்துவிடும். மாலை அரைவை நள்ளிரவுக்குப் போய்விடும். குளிர்காலத்து நள்ளிரவாக இருந்தாலும் விளக்கை எடுத்துக்கொண்டு ஆலைக்கு வந்தே ஆகவேண்டும். தவறவிட்ட ஓதம் திரும்ப வராது. ஆலைக்காரர் வீடு ஆலைச் சுவரை ஒட்டியே இருந்ததற்குக் காரணம் இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தத் தொழில்நுட்பம் 18 ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று. வட அயர்லாந்தில் நென்ட்ரம் என்ற இடத்தில் துறவிகள் கட்டிய ஓத ஆலையின் மரங்களை, அவற்றின் ஆண்டு வளையங்களைக் கொண்டு ஆராய்ந்ததில், கி.பி. 619 ஆம் ஆண்டு என்று காலம் கணிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் ஆண்ட காலம் அது.

மடாலயத்து ஆலைகள்

இங்கிலாந்தை வென்ற நார்மன் அரசர் முதலாம் வில்லியம் வரி வசூலுக்காக நாடு முழுவதும் எடுக்கச் செய்த கணக்கேடு 'டூம்ஸ்டே' எனப்படும். 1086 ஆம் ஆண்டின் அந்த ஏட்டில், லீ ஆற்றின் இப்பகுதியில் எட்டு ஆலைகள் இருந்ததாகப் பதிவு உள்ளது.

1135 இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் லாங்தார்ன் என்ற கிறித்தவத் துறவியர் மடாலயம் இங்கே நிறுவப்பட்டது. விரைவில் இது சிஸ்டெர்சியன் சபையைச் சேர்ந்ததாயிற்று. சதுப்பு நிலத்தை வடித்துப் பண்படுத்துவதிலும் நீரைத் திருப்பிவிடுவதிலும் பெயர் பெற்ற சபை அது. இங்குள்ள ஆலைகளும் மடாலயத்தின் வசமாயின. அவற்றில் அரைத்த மாவைக் கொண்டு ஸ்ட்ராட்ஃபோர்டில் ரொட்டி சுட்டு, வண்டிகளில் ஏற்றி லண்டன் நகருக்குள் கொண்டுபோய் விற்றனர். லண்டனைப் பற்றி 1598 இல் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்ட ஜான் ஸ்டோ, இந்த ரொட்டி வண்டிகளைக் குறிப்பிடுகிறார். நகருக்குள் சுட்ட ரொட்டியைவிட ஸ்ட்ராட்ஃபோர்ட் ரொட்டி எடை கூடுதலாக இருந்தது என்றும் சொல்கிறார். பெருநகரத்தின் சோறு அதன் எல்லைக்கு வெளியே உள்ள ஆற்றங்கரையில் தயாரானது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது இதுவும் தப்பவில்லை. 1538 இல் மடாலயம் மூடப்பட்டது. ஆலைகள் தனியார் கைகளுக்கு மாறின. மடாலயத்தின் கட்டடங்கள் தரைமட்டமானாலும் அதன் பெயர் மட்டும் இப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லண்டன் நகரின் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக 1860களில் பொறியாளர் ஜோசப் பசல்கெட் கட்டிய அழகிய நீரேற்று நிலையத்துக்கு 'ஆபி மில்ஸ்' என்று பெயர். மடாலய ஆலைகள் என்பது பொருள். த்ரீ மில்ஸிலிருந்து நடந்தே போய்விடலாம்.

ரொட்டியிலிருந்து ஜின்னுக்கு

1727 இல் ஆலைகளைப் பீட்டர் லெஃபெவர் என்பவர் கூட்டாளிகளுடன் வாங்கினார். இவர் ஹியூகனாட் வழியினர். பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்கு அஞ்சி இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய புராட்டஸ்டன்ட் மக்களே ஹியூகனாட்டுகள். இவர்களில் பலர் பட்டு நெசவிலும் வணிகத்திலும் கிழக்கு லண்டனில் வேரூன்றினர்.

அப்போது லண்டனில் ஜின் என்னும் மதுவின் மீதான மோகம் தலைவிரித்தாடியது. தானியத்தைக் குறுணையாக அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்துச் சாராயம் எடுப்பார்கள். அதில் ஜூனிப்பர் காய் மணம் சேர்த்தால் ஜின். ஏழைகள் வாழ்ந்த தெருக்களில் அது மலிவாகக் கிடைத்தது. அதைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் 1736 இலும் 1751 இலும் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. ஓவியர் வில்லியம் ஹோகார்த் 'ஜின் சந்து' என்ற படத்தை அச்சிட்டு வெளியிட்டதும் அதே 1751 இல்தான். குடித்து மயங்கிய தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழும் அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

த்ரீ மில்ஸ் ஆலைகள் இந்தத் தொழிலோடு பிணைந்தன. தீவிலேயே வடிசாலை அமைந்தது. வடித்த பிறகு எஞ்சும் சக்கையைத் தின்று வளரப் பன்றிகளும் வளர்க்கப்பட்டன. ஹவுஸ் மில்லின் கட்டடக்கலையை வியப்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. இவ்வளவு பெரிய ஆலையை எழுப்பும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பகுதி ரொட்டியிலிருந்து வந்திருக்காது. மடாலயத் துறவிகள் அரைத்தது நகரத்தின் உணவை. அதே இடத்தில், அதே ஓதத்தைக் கொண்டு, பின்னால் வந்தவர்கள் அரைத்தது சாராயத்துக்கான தானியத்தை. இரண்டையும் சேர்த்தே இந்த ஆலையின் வரலாற்றை எழுத வேண்டும்.

1776 ஆம் ஆண்டுக் கட்டடம்

டேனியல் பிசன் என்பவர் 1776 இல் இப்போதைய ஹவுஸ் மில்லைக் கட்டினார். ஆற்றின் குறுக்கே பாலம்போல் நிற்கும் கட்டடம் இது. தண்ணீர் கட்டடத்தின் அடியிலேயே பாய்கிறது. முதன்மையான தாங்கமைப்பு மரத்தால் ஆனது. கனமான மரத்தூண்களும் உத்தரங்களும் சட்டகமாகப் பிணைக்கப்பட்டு மாடிகளைத் தாங்குகின்றன. தெருவைப் பார்த்த முகப்புக்கு மட்டும் செங்கல் சுவர், வரிசையாகச் சன்னல்கள். தண்ணீரைப் பார்த்த பின்புறத்தில் மரப்பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு கவியும்படி அறைந்திருக்கிறார்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிட இது உதவும். முன்னால் நின்று பார்த்தால் ஒரு கௌரவமான மாளிகை; பின்னால் போய்ப் பார்த்தால் தொழிற்கூடம்.

எடை குறைந்த மரச்சட்டகத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அடியில் இருப்பது சதுப்பு மண். மேலே கற்கள் சுழலும்போது கட்டடம் முழுவதும் அதிரும். கல்லும் செங்கல்லும் அதிர்ச்சியில் வெடிப்பு விடும். மரம் வளைந்து கொடுக்கும்.

அடித்தளத்தில் நான்கு நீர்ச்சக்கரங்கள். அவை 12 இணை அரைகற்களை ஓட்டின. ஒரு சக்கரத்துக்கு மூன்று இணை என்ற கணக்கு. சாதாரண ஆற்றங்கரைக் கிராமத்து ஆலையில் ஒரு சக்கரமும் இரண்டு மூன்று இணைக் கற்களும் இருந்தால் போதும். ஏனென்றால் அது பகல் முழுவதும் மெதுவாக அரைத்துக்கொண்டிருக்கலாம். ஓத ஆலைக்கு அந்த வசதி கிடையாது. கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் தேங்கிய தண்ணீர் முழுவதையும் வேலையாக மாற்றியாக வேண்டும். எனவே ஒரே நேரத்தில் பல சக்கரங்கள், பல கற்கள்.

அரைகல் என்றதும் நம் வீட்டுத் திரிகையை நினைத்துக்கொள்வது சரியாக இருக்கும். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுழலும், மேல்கல்லின் நடுத்துளையில் தானியம் விழும், அரைபட்ட மாவு விளிம்பில் சிதறி வெளியேறும். வேறுபாடு அளவில்தான். திரிகையை ஒரு கையால் சுற்றுகிறோம். ஆலைக் கல்லோ சுமார் நான்கடி அகலமும் டன் கணக்கில் எடையும் கொண்டது. படுக்கைவாட்டு அச்சில் மெதுவாகச் சுழலும் நீர்ச்சக்கரத்தின் வேகத்தைப் பற்சக்கரங்கள் வாங்கி, செங்குத்து அச்சுக்கு மாற்றி, பல மடங்கு பெருக்கிக் கல்லுக்குக் கொடுக்கும். கல்லின் முகத்தில் வெட்டிய வரிப்பள்ளங்கள் தேய்ந்துபோனால் அரைவை கெடும். அப்போது மேல்கல்லைத் தூக்கிப் புரட்டிப்போட்டு உளியால் கொத்த வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் அம்மி கொத்த வருபவர்கள் செய்த அதே வேலை.

தானியம் படகுகளில் வந்தது. மூட்டைகளைக் கப்பி கொண்டு உச்சிமாடிக்குத் தூக்கி அங்குள்ள பெரிய மரப்பெட்டிகளில் கொட்டுவார்கள். மூட்டை தூக்கும் பொறியையும் நீர்ச்சக்கரமே ஓட்டும் என்பது இத்தகைய ஆலைகளின் பொது வழக்கம். உச்சியிலிருந்து தானியம் தன் எடையாலேயே சரிவுக் குழாய்களில் இறங்கிக் கல்லுக்கு வரும். மாவு இன்னும் ஒரு தளம் இறங்கிச் சாக்கில் விழும். அரைவை நேரம் வந்துவிட்டால் தானியத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மேலே எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். கட்டடத்தில் இத்தனை மாடிகள் இருப்பது ஒருவகையில் காலத்தைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு. ஓதம் இல்லாத நேரத்தில் நிரப்பு, ஓதம் வந்ததும் அரை.

மாவாலைக்கு முதல் எதிரி தீ. காற்றில் மிதக்கும் மாவுத்தூசி வெடிமருந்துக்குச் சமம். தானியம் தீர்ந்ததைக் கவனிக்காமல் கற்களை ஓடவிட்டால் கல்லும் கல்லும் உரசிப் பொறி பறக்கும். ஹவுஸ் மில்லிலும் 1802 இல் தீ விபத்து நேர்ந்தது. அதன் பின் பிலிப் மெட்காஃப் என்பவர் ஆலையைச் சீரமைத்தார்.

எதிரில் இருந்த கிளாக் மில்லை 1817 இல் புதுப்பித்துக் கட்டியவரும் இவரே. ஆனால் அங்கிருந்த பழைய மணிக்கூண்டை இடிக்காமல் விட்டுவைத்தார். கிளாக் மில்லுக்கு மூன்று சக்கரங்கள், ஆறு இணைக் கற்கள். சக்கரங்கள் ஏறத்தாழ 20 அடி விட்டம். தானியத்தை உலர்த்தும் சூளைகளின் கூம்பு வடிவக் கூரைகள் இன்றும் தொலைவிலிருந்தே தெரிகின்றன. நிலவின் நேரத்துக்கு ஓடும் ஆலையின் உச்சியில் மனிதர் செய்த கடிகாரம் இருப்பது எனக்கு எப்போதும் சுவையான முரணாகப் படுகிறது. ஆனால் யோசித்தால் அதற்குத் தேவை இருந்தது. நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கும் வேலை நேரத்துக்கு ஆட்களை வரச்சொல்ல எல்லோருக்கும் பொதுவான மணி ஒன்று வேண்டும்.

கிணற்றில் நால்வர்

1872 இல் ஆலைகளும் வடிசாலையும் ஜின் தயாரிப்புக்குப் பெயர் பெற்ற நிக்கல்சன் குடும்ப நிறுவனத்திடம் வந்தன. அந்த நிறுவனத்தின் காலத்தில் நடந்த ஒரு துயரத்தை இந்தக் கட்டுரையில் சொல்லாமல் விட முடியாது.

1901 ஜூலை 12 அன்று வளாகத்தில் இருந்த பழைய கிணறு ஒன்றில் தாமஸ் பிக்கெட் என்ற தொழிலாளி தம் வேலையின் பொருட்டு இறங்கினார். உள்ளே தேங்கியிருந்த கெட்ட காற்று தாக்கி நினைவிழந்தார். அவரைக் காப்பாற்ற நிறுவனத்தின் நிர்வாகி காட்ஃப்ரே மால் நிக்கல்சன் தாமே இறங்கினார். அவரும் மேலே வரவில்லை. அவர்களை மீட்க எலியட், ராபர்ட் அண்டர்ஹில் என்ற தொழிலாளர்கள் அடுத்தடுத்து இறங்கினர். நால்வரும் இறந்தனர். லண்டனில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்ற பூங்காவில், பிறரைக் காக்க முயன்று உயிர்விட்ட சாமானியர்களுக்கான நினைவுச் சுவர் இருக்கிறது. அங்கே நிக்கல்சன், எலியட், அண்டர்ஹில் மூவரின் பெயரும் ஒரே பலகையில் உள்ளன. முதலாளியும் தொழிலாளியும் ஒரே வரியில். த்ரீ மில்ஸ் தீவிலும் ஒரு கை இன்னொரு கையைப் பற்றுவது போன்ற நினைவுச் சின்னம் உண்டு. அங்குள்ள பலகை பிக்கெட்டின் பெயரையும் சேர்த்து நால்வரையும் நினைவுகூர்கிறது.

மாணவர்கள் இதை வெளிநாட்டுக் கதையாக எண்ணிக் கடந்துபோகக் கூடாது. பாழ்ங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஒருவர் இறங்கி மயங்க, அவரைத் தூக்க இறங்கியவர்களும் அடுத்தடுத்து மடியும் செய்தி நம் நாளிதழ்களில் இன்றும் வருகிறது. காரணம் அதேதான். காற்றைவிட எடை கூடிய வாயு அடியில் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. தக்க மூச்சுக் கருவியும் மேலிருந்து இழுக்கும் கயிறும் இல்லாமல் இரண்டாமவர் இறங்குவது உதவி ஆகாது.

இரு உலகப் போர்களில்

முதல் உலகப் போரின்போது பீரங்கிக் குண்டுகளுக்கான கார்டைட் என்ற வெடிமருந்தைச் செய்ய பிரிட்டனுக்கு அசிட்டோன் பெருமளவில் தேவைப்பட்டது. மான்செஸ்டர் பல்கலைக்கழக வேதியியலாளர் கைம் வைஸ்மன், மாவுப் பொருளை நுண்ணுயிர் கொண்டு நொதிக்கச் செய்து அசிட்டோன் எடுக்கும் முறையைக் கண்டறிந்திருந்தார். சோதனைக் குடுவையில் வெற்றி பெற்றது ஆலை அளவில் நடக்குமா என்று பார்க்க இடம் வேண்டும். தானியமும், ஊறல் தொட்டிகளும், வடிகலங்களும் ஒரே இடத்தில் இருந்தது நிக்கல்சன் வடிசாலையில். அங்கேதான் 1915 இல் முயற்சி நடந்து வெற்றி பெற்றது. ரொட்டி, ஜின், இப்போது வெடிமருந்து. வைஸ்மன் பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானார்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் கிழக்கு லண்டனைக் குறிவைத்துக் குண்டு வீசின. 1940 அக்டோபரில் ஆலையை ஒட்டிய வீடு சேதமடைந்தது. ஹவுஸ் மில் தப்பியது. ஆனால் 1941 இல் அதன் அரைவை நின்றது. கிளாக் மில் 1952 வரை ஓடியது.

காப்பாற்றியது யார்?

மூடிய ஆலை கிடங்காகப் பயன்பட்டது. பிறகு வெற்றுக் கட்டடமாகச் சிதைந்தது. 1970களில் அதை இடித்துவிடும் பேச்சு எழுந்தது. வரலாற்று ஆர்வலர்களும் உள்ளூர் மக்களும் எதிர்த்ததால் ஆலை பிழைத்தது. இன்று அது இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முதல் தரத்தில் இடம்பெற்றுள்ளது. லீ ஆற்று ஓத ஆலை அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. 1980களின் இறுதியிலிருந்து கூரை, சுவர், மரச்சட்டகம் என்று படிப்படியாகச் சீர்செய்தார்கள். குண்டில் அழிந்த ஆலைக்காரர் வீட்டின் முகப்பை 1995 இல் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினார்கள். உள்ளே மட்டும் இக்கால வசதிகள். வடிசாலை இருந்த தீவின் பிற பகுதிகளில் இப்போது திரைப்படப் படப்பிடிப்புத் தளங்கள் இயங்குகின்றன.

அரைவை சட்டென்று நின்றதில் ஒரு நன்மையும் விளைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னும் பத்து இருபது ஆண்டுகள் ஓடியிருந்தால் மின்மோட்டார் வைத்து, பழைய பொறிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பியிருப்பார்கள். நான்கு சக்கரங்களும், அரைகற்கள் பலவும், பெட்டிகளும், சரிவுக் குழாய்களும் விட்ட இடத்திலேயே இருந்ததால்தான், வழிகாட்டியுடன் உள்ளே செல்லும் பார்வையாளர் இன்று தானியம் போன பாதையை மாடி மாடியாகப் பின்தொடர முடிகிறது. ஆனால் சக்கரங்கள் சுழல்வதில்லை. சஃபோக் மாவட்டத்தில் உட்பிரிட்ஜ் என்ற ஊரில் உள்ள சிறிய ஓத ஆலை சீரமைக்கப்பட்டு, ஓதத்திலேயே மாவு அரைத்துப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறது. மிகப் பெரியதான ஹவுஸ் மில்லுக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை. நான்கு பெரிய சக்கரங்களைச் செப்பனிட ஆகும் செலவு சிறிதன்று. சக்கரங்களை மீட்டெடுத்து மாவு அரைப்பதோடு மின்சாரமும் எடுக்கலாம் என்ற திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது.

இதற்கிடையே ஆறும் மாறிவிட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக் போட்டிக்கான பூங்கா ஸ்ட்ராட்ஃபோர்டில் அமைந்தபோது, கட்டுமானப் பொருட்களைப் படகில் கொண்டுசெல்ல, த்ரீ மில்ஸுக்குப் பக்கத்துக் கால்வாயில் 2009 இல் ஒரு நீர்ப்பூட்டும் மதகும் கட்டப்பட்டன. அதன்பின் மேல்பக்கத்து ஆற்றுக் கிளைகளில் நீர்மட்டம் ஓரளவில் நிறுத்தப்பட்டுவிட்டது. கடல் ஓதம் முன்போல் அங்கே ஏறி வருவதில்லை. துறவிகள் காலத்திலிருந்து ஆலைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பிய ஏற்றம் இப்போது ஆலைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. கீழ்ப்பக்கம் போ கிரீக்கில் மட்டும் தண்ணீர் நாளுக்கு இருமுறை ஏறுகிறது, இருமுறை வற்றிச் சேறு தெரிகிறது. அங்கே நிற்பவர்கள், ஆலைச் சுவரின் ஈரக் கறையைப் பார்த்து, அன்றைய ஏற்றம் எவ்வளவு உயரம் வந்துபோனது என்று அறிந்துகொள்ளலாம்.